தலைக்கு மேல் கண்ணாடி, கைவிரிக்கும் கம்பெனி

கார் வாங்கப் போகும் குடும்பத்தில் பேட்டரி எத்தனை கிலோவாட்-ஹவர், சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்று விசாரிப்பவர் ஒருவர் இருந்தாலே அதிகம். மற்ற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “சன்ரூஃப் இருக்கா?” விற்பனைப் பிரதிநிதியும் அதைக் கடைசிக்கென்று வைத்திருப்பார். பொத்தானை அமுக்குவார். திரை பின்னால் நகர, முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை வானம் தெரியும். பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். வியாபாரம் அப்போதே பாதி முடிந்துவிடும்.

இந்தக் கண்ணாடி உடைந்தால் யார் மாற்றித் தருவார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் தெளிவான பதில் கிடைத்திருக்காது.

பனோரமிக் சன்ரூஃப் உடையும் விதமே வேறு. முன்கண்ணாடியில் கல் பட்டால் சின்னதாகக் கீறல் விழும், சில வாரங்களில் அது மெல்ல நீளும். கூரைக் கண்ணாடி அந்த அவகாசத்தைத் தருவதில்லை. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது, சில சமயம் வாசலில் சும்மா நிற்கும்போதே, படாரென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்க நொறுங்கிக் கிடக்கும். மின்சாரக் காரில் இன்ஜின் இரைச்சல் இல்லாததால் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கும். பதறிப்போய் பிரேக்கை மிதித்தால் பின்னால் வருகிற லாரியின் பாடு வேறு கதை.

இது எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் அல்ல. அமெரிக்காவின் ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் 2017-ல், அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் 1995 முதல் பதிவான புகார்களைத் தோண்டியெடுத்தது. சன்ரூஃப் தானாக வெடித்ததாக மட்டும் குறைந்தது 859 புகார்கள். 35 பிராண்டுகள், 208 மாடல்கள். பெரும்பகுதி 2011-க்குப் பிறகு வந்தவை. கூரையில் கண்ணாடியின் அளவு பெரிதாகிக்கொண்டே போன காலம் அது.

பெரும்பாலான சன்ரூஃப்கள் டெம்பர்டு கண்ணாடியால் ஆனவை. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இருபக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பையும் சேர்த்து இழுக்கும். ஆக வெளியே அழுத்தம், உள்ளே இழுவிசை. இந்த இழுபறிதான் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலுவைத் தருகிறது. அந்தச் சமநிலை ஓரிடத்தில் குலைந்தாலும் மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகிவிடும். கத்தி முனைபோல் கிழிக்கும் நீளத் துண்டுகளாக உடையாமல் சிறு கட்டிகளாகச் சிதறுவதால் இதற்குப் பாதுகாப்புக் கண்ணாடி என்று பெயர்.

சமநிலை குலையப் பல வழிகள் உண்டு. எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு தார்ப்பாய் மூடாமல் போகும் டிப்பரிலிருந்து தெறிக்கும் கல் ஒன்று. அந்தக் கல் ஏற்படுத்திய நுண்ணிய காயம் பல நாள் அடங்கிக் கிடந்து பிறகு வெடிப்பது இன்னொன்று. தொழிற்சாலையில் சட்டத்தில் பொருத்தும்போது ஓரத்தில் விழும் சிறு சில்லும் காரணமாகலாம். அபூர்வமாக, கண்ணாடி வார்க்கும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்ஃபைடு துகளும் குற்றவாளியாகும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள், கண்ணாடி குளிர்ந்த வேகத்தில் உருமாற நேரமில்லாமல் சிக்கிக்கொள்கிறது. பிறகு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நிதானமாக உருமாறிப் பருக்கிறது. ஒருநாள் படார்.

சர்வீஸ் சென்டரில் இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. அங்கே சொல்லப்படும் காரணங்கள் இரண்டே இரண்டு. “கல்லு பட்டிருக்கும் சார்”, அல்லது “வெயில் சார்.”

வெயில் என்பதைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். ஒழுங்காகத் தயாரான டெம்பர்டு கண்ணாடி, பரப்பின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் 200 டிகிரி வரை வித்தியாசம் இருந்தாலும் தாங்கும். வேலூரின் மே மாத வெயிலில் கூரை எவ்வளவு கொதித்தாலும் அந்த அளவை நெருங்காது. அடுப்பில் வைக்கிற மாதிரி வெயிலில் நிற்பது காரின் இயல்பு. கார் ஓடப்போவது இந்த ஊரில்தான் என்று தெரிந்துதானே விற்றார்கள்? வெயிலில் உடைந்தது என்றால், அந்தக் கண்ணாடி ஏற்கெனவே காயம்பட்டிருந்தது என்றுதான் அர்த்தம். காயம் எங்கே பட்டது, சாலையிலா தொழிற்சாலையிலா என்பதுதான் கேள்வி. வெயில் வெறும் சாக்கு.

தொழிற்சாலையில் பட்டிருக்க வாய்ப்பே இல்லை என்று அடித்துப் பேசுபவர்களுக்கு ஹூண்டாய் வெலோஸ்டர் கதையை நினைவுபடுத்தலாம். 2012-ல் அந்தக் காரின் பனோரமிக் கண்ணாடி, பொருத்தும்போதே பலவீனப்பட்டிருக்கலாம் என்று அமெரிக்காவில் சுமார் 13,500 கார்களை நிறுவனமே திரும்ப அழைத்தது. அதே ஆண்டில் ஆடி க்யூ5 கார்கள் சுமார் 13,000 திரும்ப அழைக்கப்பட்டன. கடுங்குளிரில் முன்பக்கச் சன்ரூஃப் கண்ணாடி நொறுங்கக்கூடும் என்பது காரணம். தென்கொரிய அரசு ஆய்வாளர்கள் இன்னும் ஆழமாகப் போனார்கள். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பாகத் தெரிகிறதே செராமிக் பூச்சு, பசையை வெயிலிலிருந்து காப்பதற்காகப் பூசுவது, அது இருக்கும் பகுதி மற்ற இடத்தைவிடப் பலவீனமாக இருக்கிறது என்று சோதித்துச் சொன்னார்கள். 227 கிராம் எஃகுக் குண்டைப் போட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனையை அந்த ஓரத்திலும் நடத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். விஷயத்தை ஜெனீவாவில் உள்ள ஐ.நா. வாகன விதிமுறை மன்றம் வரை கொண்டுபோனார்கள். பனோரமிக் கூரைக்கென்றே அங்கே ஒரு பணிக்குழு அமைந்தது.

மின்சார எஸ்யூவியில் இந்தப் பிரச்சினை கூடுதலாக உறைப்பதற்குக் காரணம் அதன் உடலமைப்பு. பேட்டரி முழுவதும் தரைக்கு அடியில் படுத்திருப்பதால் தரை உயர்கிறது, தலைக்கு மேலே இடம் குறைகிறது. உள்கூரை மெத்தையை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தால் இழந்த இடத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். மஹிந்திராவின் பிஇ 6, எம்ஜி வின்ட்சர் போன்றவற்றில் திறக்காத கண்ணாடிக் கூரை வந்தது. கிரெட்டா எலெக்ட்ரிக், ஹாரியர் இவி ஆகியவற்றில் திறக்கும் பனோரமிக் சன்ரூஃப். கிரெட்டா தயாராவது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில்தான். இந்தியாவின் பெரிய கண்ணாடி ஆலைகளில் சிலவும் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. கண்ணாடி செய்யத் தெரியாத ஊர் அல்ல இது.

உடைந்துவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில் பதறாமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். உள்திரை திறந்திருந்தால் நிறுத்திய பிறகு மெதுவாக மூடலாம். மூடியிருந்தால் அதைத் தொடவே கூடாது. திறந்தால் மேலே தேங்கியிருக்கும் அத்தனை துண்டுகளும் மடியில் கொட்டும். சன்ரூஃபைத் திறந்து மூடிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். கூட்டிப் பெருக்கத் துடிக்கும் கைகளையும் கொஞ்சம் கட்டிப்போடுவது நல்லது. எல்லாக் கோணத்திலும் படம், வீடியோ எடுத்த பிறகுதான் துடைப்பம். தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை நீளமாக வெட்டி, கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்து டேப் ஒட்டினால் ஊர் போய்ச் சேரலாம். பெயிண்ட் மேல் ஒட்டும் டேப் வெயிலில் பிசினாகிவிடும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

மழை பிடித்தால் பேட்டரிக்கு என்ன ஆகுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பெரிய பேட்டரி தண்ணீர் புகாத பெட்டிக்குள் வண்டிக்கு அடியில் இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகாது. கவலைப்பட வேண்டியது கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் இணைப்புகளையும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பற்றித்தான். அங்கே ஈரம் இறங்கினால் வாரங்கள் கழித்து ஒவ்வொன்றாக எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கும். கண்ணாடித் துகளும் லேசில் போகாது. சீட்டு நகரும் தண்டவாளத்தில், ஏசி துவாரத்தில், முக்கியமாக சீட்பெல்ட் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து விரலால் தடவிப் பார்க்காமல் வண்டியை டெலிவரி எடுக்கக் கூடாது.

அப்புறம்தான் உண்மையான அலைச்சல் ஆரம்பம். கம்பெனி, “வெளியிலிருந்து ஏதோ பட்டு உடைந்தது, வாரண்டியில் வராது” என்று சொல்லும். பட்ட இடம் எது என்று கேட்டால் காட்ட முடியாது, எல்லாம்தான் பொடியாகிவிட்டதே. இன்சூரன்ஸ் பக்கம் போனால் நேர்மாறான கேள்வி வரும்: “எதுவும் படாமல் தானாக உடைந்தது என்றால் அது தயாரிப்புக் கோளாறு, கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.” விபத்தினால் வந்த சேதத்துக்குத்தான் பாலிசி, தானாகப் பழுதாவதற்கு அல்ல என்பது அவர்கள் கட்சி. இரண்டு பேரும் மாறி மாறிக் கைகாட்ட, எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்பவர் வண்டிக்காரர். புது மாடலாக இருந்தால் கண்ணாடி ஸ்டாக் இல்லை என்ற பதிலும் சேர்ந்துகொள்ளும்.

பலருக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தியும் உண்டு. நம் நாட்டு வாகன இன்சூரன்ஸில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதி பிடிப்பார்கள். கண்ணாடிக்குப் பிடிக்கக் கூடாது. தனியாக ‘ஜீரோ டெப்’ எடுக்காதவர்களுக்கும் இது பொருந்தும். பாலிசியில் சொன்ன கட்டாயக் கழிவுத் தொகை மட்டும் போகும். ஆனால் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் காலி. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டி 50 சதவீதத் தள்ளுபடியைச் சேர்த்து வைத்தவருக்கு, விலை கூடிய மின்சாரக் காரில் அது சின்னத் தொகை அல்ல. போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்து, கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நிக்கல் சல்ஃபைடால் உடைந்த கண்ணாடியில், உடைவு தொடங்கிய இடத்தில் பெரிய துண்டுகள் இரண்டு ஒட்டினாற்போல் கிடக்கும். நிபுணர்கள் அதைப் பட்டாம்பூச்சி வடிவம் என்பார்கள். பூச்சு உள்ள ஓரத்துத் துண்டுகளும் சாட்சி சொல்லக்கூடியவை. நுகர்வோர் ஆணையம் கோளாறைக் கண்டறிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் அனுப்புவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு, குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்.

ஆனாலும் கோணிப்பையில் கண்ணாடித் துண்டுகளைக் கட்டிக்கொண்டு ஆணையத்தின் படியேறுவது வாங்கியவர் தலையில் ஏன் விடிய வேண்டும்? கோளாறை மறைக்கும் சக்தி அந்தக் கண்ணாடிக்கே இருக்கிறது. உடையும்போது தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அப்படிப்பட்ட பொருளில் நிரூபிக்கும் சுமையை வாங்கியவர் மேல் ஏற்றுவது அநியாயம். வாரண்டிக் காலத்தில் கூரை உடைந்தால், வெளியே அடிபட்டதென்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் மாற்றித் தர வேண்டும்.

அதைவிட நேரான வழி ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் இடத்தை விட்டு நகராது. நம் மோட்டார் வாகன விதிகள் முன்கண்ணாடிக்கு இதைக் கட்டாயமாக்கிப் பல காலம் ஆகிறது. கூரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டெஸ்லா தன் மாடல் ஒய் காரின் பெரிய கூரைக்கு லேமினேட்டட் கண்ணாடியைத்தான் போடுகிறது. செய்ய முடியாத காரியம் அல்ல. வண்டி கவிழ்ந்தால் உடைத்து வெளியேற முடியாதே என்று சிலர் வாதிடுவார்கள். அதற்குப் பக்கவாட்டுக் கண்ணாடிகள் இருக்கின்றன. கவிழும் வண்டியிலிருந்து ஆள் வெளியே தூக்கி எறியப்படாமல் தடுப்பதில் உடையாமல் நிற்கும் கூரைக்குத்தான் வேலை அதிகம். செலவு கூடும் என்பதே மிச்சமிருக்கும் காரணம். பல லட்சம் வாங்கும் வண்டியில் அந்தச் செலவைச் சொல்லிக் காட்டுவது கௌரவமாக இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நினைத்தால் விதியில் ‘கூரை’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து இதை முடிக்கலாம். அதுவரை, வாங்கப் போகிறவர்கள் கண்ணாடி மூலையில் உள்ள முத்திரையைப் பார்த்து அது டெம்பர்டா லேமினேட்டடா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டட்டும். ஏற்கெனவே கூரை உடைந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல இடங்களில் கம்பெனி ‘குட்வில்’ என்று சொல்லிப் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டு விஷயத்தை அமுக்கிவிடுகிறது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திரும்ப அழைக்கும் விதிகளின்படி, 7 ஆண்டுக்கு உட்பட்ட ஒரு மாடல் மீது வரும் புகார்கள் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால்தான் அரசு கம்பெனியைக் கட்டாயப்படுத்த முடியும். கண்ணாடி மாற்றிக் கிடைத்துவிட்டாலும், வாகன் இணையதளத்தில் உங்கள் புகாரைப் பதிந்துவிடுங்கள்.