அப்டேட் ஆனதும் செட்டிங்ஸ் காணோமா?

நள்ளிரவில் புது வெர்ஷன் தானாக ஏறுகிறது. விடிந்து பார்த்தால் கடையின் வெப்சைட் திறக்கவில்லை; டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்த கான்ஃபிக் ஃபைலைக் காணோம்!

2013-ல் அறிமுகமான டாக்கர், ஆப் இயங்கத் தேவையானதை எல்லாம் 'கன்டெய்னர்' என்ற ஒரே டப்பாவில் அடைத்துத் தருகிறது. அப்டேட்டின்போது பழைய டப்பாவை நீக்கிவிட்டுப் புதியதை வைப்பார்கள். உள்ளே எழுதிய மாற்றங்களும் அதோடு போய்விடும்.

என்ன வழி? கான்ஃபிக் ஃபைலை சர்வரில் தனி ஃபோல்டரில் வைத்து, கன்டெய்னருடன் 'மவுன்ட்' செய்ய வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டிலும் துடைத்து எழுதப்படும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் மட்டும் அதை வைக்கவே கூடாது.

ஒற்றை ஃபைலை மவுன்ட் செய்தால் இன்னொரு சிக்கல்: அதே பெயரில் புது ஃபைலை மாற்றி வைத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குப் பழையதே தெரியும். அதனால் ஃபோல்டரையே மவுன்ட் செய்வது நல்லது. பேக்கப்பும் அவசியம்!