வழுக்கியது படங்கா, பாதையா?



கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்த நம் அக்கா ஒருவர் விழுந்து கால் முறிந்தது. அறிக்கையில் ஒரே வரிதான்: "படங்கு தடுக்கி விழுந்தார்." படிக்கட்டு இடிந்து கிடந்ததும், கானைத் தாண்டப் போட்ட பலகை உக்கிப்போயிருந்ததும் அதில் இல்லை.

நாம் படங்கு கட்டுவது அழகுக்கா? காலைப் பனியில் தேயிலைக்குள் இறங்கினால் இடுப்புக்குக் கீழே எல்லாம் ஈரம். வாது கிழிக்கும், அட்டை ஏறும். நமக்கிருக்கும் கவசம் அந்தப் படங்குதான். பல தோட்டங்களில் அதையும் நம் காசில்தான் வாங்குகிறோம். நாம் வாங்கிய கவசத்தையே நமக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பது என்ன நியாயம்?

நம் பக்கக் கவனமும் வேண்டும். படங்கைக் கணுக்காலுக்கு மேலே, கால் எட்டி வைக்க இடம் விட்டுக் கட்டுவோம். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுவோம். குளவி கலைந்தால் ஓட வேண்டும். ஸ்டோருக்குள் படங்கு வேண்டாம். முந்தானையை இறுக்கிச் செருகி, பின்னலைக் கொண்டையாக்குவோம். ரோலருக்கும் பெல்ட்டுக்கும் துணி எது, கை எது என்று தெரியாது. மருந்தடிக்கும் தம்பிமார் சாரத்தை மடித்துக் கட்டி வெறுங்காலோடு போகக் கூடாது. மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

ஆனால் நாம் கவனமாக இருப்பதால் நிர்வாகத்தின் பொறுப்பு நம் தலையில் வந்துவிடாது. ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குப் பாதுகாப்பு வேலி போடச் சொல்கிறது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வேலையின்போது வேலையால் வந்த காயத்துக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்கிறது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். சேலை கட்டியவருக்குக் கிடையாது என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது?

நம் கோரிக்கை இதுதான்: படங்கு, சப்பாத்து, கையுறை எல்லாம் தோட்டச் செலவில் வர வேண்டும். படியும் பாலமும் மழைக்கு முன்னே திருத்தப்பட வேண்டும்.

இனி யாராவது விழுந்தால், முதலில் ஆஸ்பத்திரி. அன்றே அந்த இடத்தைப் போனில் படம் எடுங்கள், தலைவரிடம் சொல்லுங்கள். அறிக்கையை வாசித்துக் காட்டாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வாசிக்க ஆளில்லையா? நம் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அதற்காகவும்தான் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறோம்.