மேக்கும் லினக்ஸும் வைரஸுக்கு விலக்கா?

விண்டோஸை விட்டு மேக்குக்கோ லினக்ஸுக்கோ மாறிவிட்டால் வைரஸ் தொல்லை ஒழியும் என்ற நம்பிக்கை கணினி வாங்குவோரிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சில அரை உண்மை, சில முழுப் பிழை.

வைரஸ் விண்டோஸின் நோய் என்பது முழுப் பிழை. விண்டோஸின் முதல் பதிப்பு வந்தது 1985இல். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1982இல், எல்க் குளோனர் என்ற வைரஸ் ஆப்பிள் 2 கணினிகளில் ஃபிளாப்பி வழியே பரவியிருந்தது. 1988 நவம்பரில் இணையத்தைத் திணறடித்த மோரிஸ் புழு தாக்கியதும் யூனிக்ஸ் கணினிகளைத்தான்.

லினக்ஸுக்குப் பயனர் குறைவு, ஆகவே அதை யாரும் குறிவைப்பதில்லை என்பது மேசைக் கணினியை மட்டும் எண்ணிச் சொல்வது. வீட்டு ரவுட்டர்களும் கண்காணிப்புக் கேமராக்களும் பெரும்பாலும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2016இல் மிராய் என்ற தீநிரல் பிடித்தது இவற்றையே. நுட்பமான ஓட்டை எதையும் அது தேடவில்லை. தயாரிப்பாளர் வைத்து அனுப்பி, வாங்கியவர் மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வரிசையாக முயன்று பார்த்தது, அவ்வளவே. அக்டோபர் 21 அன்று அப்படிப் பிடிபட்ட கருவிகளின் படை, தளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை.

இருப்பதில் வலுவான வாதம் நிர்வாகி அனுமதி பற்றியது. மேக்கிலும் லினக்ஸிலும் அந்த அனுமதி பெறாத நிரலால் அமைப்புக் கோப்புகளை மாற்ற முடியாது. இது மெய்யான அரண்தான். ஆனால் அது காப்பது இயங்குதளத்தை. பயனரின் படங்களையும் ஆய்வேட்டையும் பூட்டிப் பணம் பறிக்க, ரேன்சம்வேருக்குச் சாதாரணப் பயனரின் உரிமையே போதும். இயங்குதளத்தை மறுபடி நிறுவிக்கொள்ளலாம், நகலெடுத்து வைக்காத ஆய்வேட்டை அப்படி மீட்க முடியாது.

மேக்கின் கட்டமைப்பே காக்கும் என்ற வாதம் 2012இல் உடைந்தது. ஜாவாவில் இருந்த ஓட்டையை அதன் உரிமையாளரான ஆரக்கிள் பிப்ரவரியில் அடைத்தது. ஆப்பிள் தன் பயனர்களுக்கு அந்தத் திருத்தத்தைத் தந்தது ஏப்ரலில். இடைப்பட்ட வாரங்களில் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் சுமார் 6 லட்சம் மேக் கணினிகளில் புகுந்துவிட்டது. அதே ஆண்டு, கணினி வைரஸ் மேக்கை அண்டாது என்ற வாசகத்தை ஆப்பிள் தன் தளத்திலிருந்து எடுத்தது.

விண்டோஸ் எப்போதும் திறந்த வீடு என்பதும் இதே பிழையின் மறுபக்கம். 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்ற புழு பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதை நிறுவியிருந்த விண்டோஸ் கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியே புழுவால் நுழைய முடியவில்லை.