வழி யாருக்கு?

காட்டு வழியிலே துவிச்சக்கரவண்டி ஓட்டுவது இன்று உலகெங்கும் உல்லாசப் பயணிகளின் விளையாட்டாகிவிட்டது. 1970களில் அமெரிக்காவின் தமல்பைஸ் மலைச்சரிவிலே, தடித்த ரயர் பூண்ட பழைய வண்டிகளில் இளைஞர் சிலர் ஓடியதே அதன் தொடக்கம். வன்னி மக்களுக்கோ அவ்வண்டியே வாழ்வைத் தாங்கியது. பொருளாதாரத் தடையால் எரிபொருள் அற்றிருந்த 1990களில் நெல் மூடையும் விறகும் நோயாளியும் அதிலேயே ஏற்றிச் செல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை.

1938இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. சரணாலயத்துக்குள் செல்ல அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை. தேசியப் பூங்காவுக்குள்ளோ அஃதின்றி நுழைய முடியாது. பூநாரைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும்; அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால், கட்டணம் செலுத்தும் பயணியின் வண்டிக்குத் திறக்கும் பாதை, களப்புக்குச் செல்லும் மீனவனுக்கும் வயலுக்குச் செல்லும் கமக்காரனுக்கும் அடைபடுமானால், அதை நீதியென்று எவர் சொல்வார்?

வன்னியில் இத்தகைய ஓட்டப்பாதை அமைக்க எண்ணுவோர் முதலில் ஊரவரின் பழைய வழிகளை வரைபடத்திற் குறிக்க வேண்டும். வழிகாட்டும் தொழிலை ஊர் இளைஞருக்கே அளிக்க வேண்டும். கமக்காரர் தம் வழிகளை இன்றே எழுத்திற் பதியட்டும். நில அளவையாளரும் சட்டத்தரணிகளும் கட்டணம் கருதாது அவர்களுக்குத் துணைநிற்கட்டும். தடம் அழிந்தபின் உரிமை பேசிப் பயனில்லை.