மருந்துத் துண்டு கேட்காத கேள்வி

உளநோய்க்குத் தரப்படும் மருந்துகளுள் சில இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியன. அந்த ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. பிறப்போடு வந்த மரபணுவும் அதனைத் தீர்மானிக்கிறது. மருத்துவ உலகம் நன்கறிந்த இச்செய்தி நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

குருநகரை எடுத்துக்கொள்வோம். 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பறிகொடுத்த ஊர் அது. 1993 நவம்பரில் புனித யாகப்பர் தேவாலயத்தின்மீது குண்டு வீழ்ந்ததையும் கண்ட ஊர். இத்தனை இழப்பைச் சுமந்த ஊரில் உளநல மருத்துவத்தை நாடுவோர் இருப்பது வியப்புமன்று, வெட்கத்துக்குரியதுமன்று. மருந்து எழுதப்படும் வேளையில் நாம் எதைச் சொல்கிறோம், எதை மறைக்கிறோம் என்பதே என் கேள்வி.

ஒவ்வொரு துடிப்பின் பின்னும் இருதயம் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாவதற்குப் பொற்றாசியம் நுண்ணிய வாயில்களின் வழியே கலங்களிலிருந்து வெளியேற வேண்டும். அவ்வாயில்களுள் ஒன்றைக் கட்டமைக்கும் மரபணு கே.சி.என்.எச்.2 எனப்படும். ஹலோபெரிடோல் முதலிய மருந்துகள் அடைப்பதும் அதே வாயிலைத்தான். பிறப்பிலேயே அங்கு குறைபாடுள்ளவர் அம்மருந்தை உட்கொள்ளும்போது ஈ.சி.ஜி.யில் 'கியூ.டி.' இடைவெளி மேலும் நீள்கிறது. அது 500 மில்லிசெக்கனைத் தாண்டினால் மயக்கமும், சிலவேளை திடீர் மரணமும் நேரலாம்.

ஈரலுக்கும் இதில் பங்குண்டு. சி.வை.பி.2டி6 என்னும் நொதியம் பிறப்பிலேயே மந்தமாக உள்ளவர்களின் குருதியில் சில மருந்துகள் தேங்கிவிடுகின்றன. தியோரிடசீன் அத்தகையது. 2000இல் அமெரிக்காவில் அதற்குக் கடும் எச்சரிக்கை விதிக்கப்பட்டது. 2005இல் அதனை உருவாக்கிய நிறுவனமே உலகச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது.

2015இல் நிறைவுற்ற 'ஆயிரம் மரபணுத்தொகுதி' ஆய்வில் 26 மக்கட்பிரிவினர் இடம்பெற்றனர். பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ நூறு பேரும் அவர்களுள் அடக்கம். நம் குருதி உலகக் களஞ்சியத்தில் இருக்கிறது. அதன் பயன் குருநகரில் மருந்துத் துண்டோடு நிற்கும் ஒருவரை எப்போது அடையும்?

அதுவரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. விலையுயர்ந்த மரபணுப் பரிசோதனைக்கு முன்னரே செய்யக்கூடியவை இரண்டு: ஓர் ஈ.சி.ஜி., ஒரு குடும்பக் கதை. இளவயதில் நித்திரையிலேயே இறந்தவர் உண்டா? ஓடும்போதோ அதிர்ச்சியுற்றபோதோ மயங்கி விழுந்தவர் உண்டா? நன்றாக நீந்தத் தெரிந்தும் காரணமின்றி மூழ்கியவர் உண்டா? பரம்பரைக் கியூ.டி. கோளாற்றின் ஒரு வகை நீந்தும்போதே தாக்குவதுண்டு. கடலையே தொழிலாகக் கொண்ட ஊரில் அத்தகைய மரணத்தைக் 'காத்துக் கறுப்பு' என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பிறவிச் செவிட்டுத்தன்மையும் மயக்கமும் சேர்ந்திருந்தால் அதனையும் சொல்லவேண்டும். 1957இல் நோர்வேயில் ஒரே குடும்பத்தின் ஆறு பிள்ளைகளில் நால்வர் செவிடர். அவர்களுள் மூவர் திடீரென இறந்தனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேரும் கோளாறு அது. சொந்தத்துக்குள் மணமுடிக்கும் வழக்கமுள்ள நாம் இதனைக் கருத்திற்கொள்ளவேண்டும்.

சத்தியும் வயிற்றோட்டமும் பொற்றாசியத்தைக் குறைத்து ஆபத்தைக் கூட்டும். அவ்வேளையில் பாமசியில் வாங்கும் டொம்பெரிடோனோ எரித்ரோமைசினோ அதனை மேலும் கூட்டலாம். ஏற்கெனவே எடுக்கும் மருந்தை அங்கேயும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

இதை வாசித்துவிட்டு எவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது. பெரும்பாலானோருக்கு இம்மருந்துகள் ஒழுங்காகவே பயன்படுகின்றன. நிறுத்தியதனால் நோய் முற்றித் தம்முயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர். மருந்தை மாற்றவும் அளவைக் குறைக்கவும் வைத்தியரால் முடியும்.

பிள்ளையின் கல்யாணம் தடைப்படும் என்று குடும்பத்தின் நோயையும் மரணத்தையும் ஒளிக்கிறோம். சாதகப் பொருத்தம் பார்க்க ஏழு தலைமுறையைத் தோண்டும் நாம், வைத்தியர் முன்னால் வாயடைத்து நிற்பது என்ன நியாயம்?