சின்னப் படகுக்கு எதுக்கு ரெண்டு பேட்டரி?

டொராண்டோ பக்கம் கோடை வந்தா நம்மாளுங்களுக்கு முதல்ல பார்பிக்யூ, அப்புறம் மீன்பிடி. கரையில நின்னு தூண்டில் போட்டுட்டு இருந்த சிலர் 16 அடி, 18 அடி அலுமினியப் படகு வாங்கி, ஸ்கார்பரோ ப்ளஃபர்ஸ் பார்க்ல இறக்கி, ஒன்டாரியோ ஏரிக்குள்ள சால்மன் தேடிப் போறாங்க. சந்தோஷம். ஆனா எஞ்சின் எத்தனை குதிரைன்னு பத்து தடவை கேக்குறவங்க, பேட்டரியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கறதில்ல. "பெருசா ஒண்ணு போட்டுடுங்க"ன்னு கடையில சொல்லிட்டு வந்துடறாங்க.

இந்தப் பதிவு அந்த 'பெருசா ஒண்ணு'க்கு எதிரானது. என் கட்சி: சுமாரா ரெண்டு போடுங்க. ஒண்ணு எஞ்சின் ஸ்டார்ட் பண்ண மட்டும். மத்த எல்லாத்துக்கும் இன்னொண்ணு.

ஏன்னு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாக்கலாம். எஞ்சின் ஸ்டார்ட் ஆக 150 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. கேக்க பயங்கரமா இருக்கும். ஆனா மூணு செகண்டுதான். ஆம்பியர்-மணிக் கணக்குல அது 0.125. ஒண்ணுமே இல்ல! மீன் எங்கே இருக்குன்னு காட்டுற ஃபிஷ்ஃபைண்டர் ரெண்டே ஆம்பியர். ஆறு மணி நேரம் ஓடினா 12. விஎச்எஃப் ரேடியோ சும்மா கேட்டுட்டு இருக்கவே அரை ஆம்பியர், அது ஒரு 3. விளக்கு, உள்ளே தேங்குற தண்ணியை இறைக்கிற பம்ப், செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து இன்னொரு 3. ஆக 18. பேட்டரியைத் தின்கிறது எஞ்சின் இல்லீங்க, இந்தச் சில்லறைச் சாமான்கள்தான்.

'எஞ்சின்தான் ஓடுதே, சார்ஜ் ஏறாதா?'ன்னு கேப்பீங்க. சால்மனுக்குத் தூண்டிலை இழுத்துக்கிட்டே ஆமை வேகத்துல போகணும். சின்ன அவுட்போர்டுல சார்ஜ் ஏத்துற திறனே கம்மி. அதுலயும் விளம்பரத்துல போட்டிருக்கிற ஆம்பியர் முழு வேகத்துல கிடைக்கிறது. மெதுவா போகும்போது அதுல கொஞ்சம்தான் வரும்.

சரி, பேட்டரி இறங்கிட்டா என்ன? காரா இருந்தா ஓரமா நிறுத்தி மச்சானுக்கு போன் போடலாம். ஏரியில வடக்குக் காத்து அடிச்சா படகு கரையை விட்டு விலகி அமெரிக்கா பக்கம் போயிட்டே இருக்கும். பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைக் கயிறு சுத்தி இழுத்து ஸ்டார்ட் பண்றது லேசுப்பட்ட காரியமில்ல. ஒரே பேட்டரின்னா அதுலதான் ரேடியோவும். உதவி கேக்கற சேனல் 16-ம் சேர்ந்தே போச்சு. தண்ணி இறைக்கிற பம்பும் போச்சு. எனக்கு பயமே இதுதான்: எல்லாம் ஒரே நேரத்துல போறது.

'டூயல் பர்ப்பஸ்' பேட்டரி ஒண்ணு போதும்னு கடையில சொல்வாங்க. பந்தி பரிமாறுறவரையே கச்சேரியும் பண்ணச் சொல்ற கதை அது. ஸ்டார்ட்டிங் பேட்டரிக்குள்ள மெல்லிசான தகடுகள் நிறைய. ஒரே மூச்சுல கரண்டை அள்ளிக் கொடுக்கும், ஆனா அடிக்கடி காலி பண்ணா சீக்கிரம் செத்துடும். டீப் சைக்கிள்ல தகடு தடிமன். நிதானமா பல மணி நேரம் கொடுக்கும். அதையும் பாதிக்கு மேல காலி பண்ணக் கூடாது. அதனால நம்ம 18-க்கு 36 வேணும்; 50, 60 ஆம்பியர்-மணி தாராளம்.

ஸ்டார்ட்டிங் பேட்டரி வாங்கும்போது லேபிளை உத்துப் பாருங்க. எம்சிஏ 0 டிகிரியில அளக்கறது, சிசிஏ மைனஸ் 18-ல அளக்கறது. ஒரே பேட்டரிக்கு எம்சிஏ எண் பெருசா இருக்கும். எஞ்சின் கையேடு எதைக் கேக்குதோ அதையே ஒப்பிடுங்க.

ரெண்டையும் இணைக்க விஎஸ்ஆர்னு ஒரு ரிலே இருக்கு. எஞ்சின் ஓடி வோல்டேஜ் ஏறினா ரெண்டுக்கும் சார்ஜ் போகும். எஞ்சின் நின்னு வோல்டேஜ் இறங்கினா தானா பிரிச்சு விட்டுடும். பம்பை மட்டும் சுவிட்சு வழியா இல்லாம, ஃப்யூஸ் போட்டு நேரா பேட்டரியில கொடுங்க. வீட்டுக்கு வந்ததும் ரெண்டையும் சார்ஜர்ல போடுங்க. அடுத்த தடவை கிளம்பறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வைச்சுப் பாருங்க: 12.6-க்கு மேலன்னா முழுசு, 12.2 பாதி, 12.0-ன்னா வீட்லயே இருங்க :-)

குளிர்காலத்துல முழுசா சார்ஜ் பண்ணி வைங்க. காலியான லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைஞ்சு வெடிப்பு விடலாம். நிறைஞ்சது நம்ம ஊர்க் குளிரை அசால்ட்டா தாங்கும்.

லித்தியமா? எடை பாதிக்கும் கீழ, உண்மை. ஆனா 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தக் கூடாது. உள்ளே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் முன்னறிவிப்பு இல்லாம மொத்தமா ஆஃப் பண்ணிடவும் செய்யும். சாமான்களுக்கு வேணும்னா போடுங்க. ஸ்டார்ட் பண்ணவும், லித்தியத்துக்கு சார்ஜ் கொடுக்கவும் உங்க எஞ்சின் கம்பெனி சம்மதிச்சிருக்கான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கூட ஒரு பேட்டரின்னா 20 கிலோ எடை, கொஞ்சம் காசு. படகுல போடற மத்த செலவோட பாத்தா ஜுஜுபி.

உங்ககிட்ட படகு இல்லாம இருக்கலாம். ஆனா வச்சிருக்கிற மாமாவோ நண்பரோ "வாங்க, ஒரு ரவுண்டு போலாம்"னு கூப்பிடுவார். லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு கேக்கறப்போ, "பேட்டரி எத்தனைங்க?"ன்னும் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறுங்க.