தாரும் சேறும்

இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி. ரொம்ப நாள் எரிச்சலைக் கொட்டிடறேன்.

போன ஞாயித்துக்கிழமை எளாவூர் போயிருந்தேன். ஊருக்குக் கிழக்கே ஏரிச் சேத்துல ஒரு தார், வயிறு தட்டி நிக்குது. "ஃபோர் லோ போட்டும் ஏறலையே பிரதர்"ங்கிறார் ஓட்டினவர். மேல காஞ்ச பொருக்கு, அடியில களி. ஒன்றரை டன்னுக்கு மேல எடையுள்ள வண்டி அதுல உக்காந்துட்டா, நாலு சக்கரமும் சுத்தி என்ன பிரயோஜனம்? கடைசில கயிறு கட்டி இழுத்தது, வலையைக் கீழ வச்சுட்டு வந்த நம்ம மீனவ அண்ணன்மார்தான்.

வண்டி மேல கோபமில்ல. நானே அதுக்கு ரசிகன். 1947-ல மகிந்திரா வில்லிஸ் ஜீப்பை இங்க பூட்ட ஆரம்பிச்சப்போ, ரோடில்லாத ஊருக்குப் போற வேலை அதுக்கு இருந்துச்சு. 2010-ல வந்த தார் அந்தப் பரம்பரை. 2023-ல பின்சக்கரத்துக்கு மட்டும் விசை போற தாரும் வந்தாச்சு. ரோட்ல ஓட்ட அது போதும், தப்பே இல்ல. ஆனா வேலையே இல்லாம ஏரிக்குள்ள இறங்கறது சாகசமா?

பழவேற்காடு ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. எந்த இடத்துல என்னிக்கு யார் வலை போடறதுன்னு ஊர் கூடிப் பிரிச்சுப்பாங்க. மீனவரே முறை பார்த்து இறங்குற தண்ணி அது. அங்கதான் இருளர் பெண்கள் கையால தடவி இறால் எடுக்கறாங்க. கடலோர மணல்ல ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை முட்டை போடும். டயருக்கு அது தெரியுமா?

ஏரி பார்க்கணுமா? வண்டியை ரோட்ல விட்டுட்டு நடந்து வாங்கண்ணே. சேத்துல உங்களுக்குப் பாடு கிடையாது.